நிச்சயப் படத்தின் இரண்டாவது துண்டு

வடக்குத்தில் அந்த ஐப்பசி மாதம் கரண்டு காலை ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்கு வரும். பத்துக்கு மறுபடி போகும், பன்னிரண்டுக்கு வரும். ராத்திரி வரைக்கும் இதே கதைதான். இது சொல்லிவிட்டுப் போகிற கரண்டு. சொல்லாமல் போவது தனி. தோட்டத்துப் பக்கம் நின்று பார்த்தால் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண் மலை தெரியும். அதற்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரியும். அங்கே காய்ச்சுகிற கரண்டில் எந்தெந்த ஊரிலோ பல்பு எரிய, கூண்டைப் பார்த்துக்கொண்டே குடியிருக்கிற ஊர்க்காரன் விசிறி மட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். கேட்டால் அது வேறு லைன், இது வேறு லைன் என்று விளக்கம் சொல்ல ஆள் இருக்கிறது. விளக்கத்தைக் கேட்டால் வியர்வை அடங்குமா?

இளவழகனின் கம்ப்யூட்டரோ நிச்சயதார்த்தப் படத்தை மாற்றுவதற்கு ஆறு மணி நேரமும் நாற்பது நிமிடமும் கேட்டது. நடுவில் நிறுத்தாமல்.

நிச்சயதார்த்தம் ஆவணியில் நடந்தது. பெண், அவன் தங்கை வெண்மதி. நர்ஸ் படிப்பு முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முத்தாண்டிக்குப்பம் செங்குட்டுவன், கடலூரில் வெல்டர். "ஒரு ஸ்டூடியோக்காரன வச்சிடலாம்டா" என்று அம்மா செங்கமலம் சொன்னபோது, "நான் இருக்கறப்ப ஸ்டூடியோ எதுக்கு?" என்று மார் தட்டியவன் இளவழகன்தான். மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். வயது இருபத்தெட்டு. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதையும் தெரியாது என்று அவன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பண்ருட்டியில் ஒருவரிடம் கேம்கார்டரை ஒரு நாள் வாடகைக்கு வாங்கிவந்து எடுத்தான். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு மறுநாள் கேமராவைக் கொடுத்துவிட்டான். கொடுத்த கையோடு அவர் கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டரில் மூன்று துண்டு ஃபைல் இருந்தது. பெயருக்குப் பின்னால் எம்.டி.எஸ். என்று ஒரு வால். அதை அமுக்கினால் முதல் காட்சி வந்து கல்லாட்டம் நிற்கும், கூடவே மெஷினும் நின்றுவிடும். டி.வி.டி. பிளேயரில் செருகினால் இந்த ஃபைல் ஆகாது என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டும். "அப்பறமா மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு இளவழகன் அதை மறந்தே போனான். வீட்டில் ஒருவரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வெண்மதிக்கு ஆர்டர் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசு நர்ஸ் வேலை. ஊர் கமுதிப் பக்கம். இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும், தவறினால் ஆர்டர் ரத்து. செங்கமலம் முந்திரி உடைத்து உடைத்து, அந்தக் கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்து படிக்கவைத்த படிப்பு அது. ஆர்டர் காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அப்பா குஞ்சிதபாதம் அன்று மாலையே சம்பந்திக்குப் போன் போட்டார். செங்குட்டுவனின் அப்பா தனகோடி முந்திரிக் கம்பெனியில் மேஸ்திரி. பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"சம்மந்தி, பாப்பாவுக்கு ஆர்டர் வந்திருக்குதுங்க. கவர்ன்மெண்டு நர்சு."

"அப்பிடியா, சந்தோசம். எந்த ஊரு?"

"கமுதிப் பக்கமுங்க. ராம்நாடு ஜில்லா."

"அது எதுக்கு சம்மந்தி அம்மாந் தூரம்? தையில கல்யாணத்த வச்சிக்கினு, பொண்ணு ஒரு மூலை, புள்ள ஒரு மூலைன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நீங்கதானங்க தட்டு மாத்தும்போது சொன்னீங்க, எந்த ஊருக்கு ஆர்டர் வந்தாலும் போவட்டும்னு?"

"நாம பேசிக்கினது அப்பிடி இல்லீங்களே. நல்லா ரோசன பண்ணிப் பாருங்க. வேணாம்னு பாப்பாகிட்ட சொல்லிடுங்க. மீறிப் போச்சின்னா நாங்களும் வேற மாதிரி ரோசன பண்ணவேண்டி வரும்."

குஞ்சிதபாதம் போனை வைத்தார். சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காண்ட்ராக்ட் கூலி. யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன். அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு கத்தினார்.

"பொய் பேசறான் பாரு! நூறு பேரு நடுவுல சொன்ன பேச்சு. எம் ரெண்டு காதால கேட்டன். பேசவேயில்லங்கறான். டேய் எளவழகா, படம் புடிச்சியே, அத எடுறா. அவன் வூட்டு டி.வி.லயே போட்டுக் காட்டறன். அவன் வாயாலயே அவன் வாய அடைக்கறன்."

வெண்மதி மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். "அப்பா சொல்லிட்டா நான் என்னா பண்றது மதி? ஒங்கப்பா வந்து பேசட்டும்" என்றான் செங்குட்டுவன். நல்ல பையன்தான். அப்பன் எதிரில் மட்டும் அவனுக்கு நாக்கு இருக்காது. "எனக்கு அவர வேணாம்னு இல்லம்மா, இந்த வேலயும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு எதுக்கு ஆக்கறாங்க?" என்று அம்மாவிடம் அழுதாள். சேர்வதற்குச் சரியாக எட்டு நாள் இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கரண்டு வந்ததும் இளவழகன் உட்கார்ந்தான். நெட்டில் முதலில் கிடைத்த சாப்ட்வேர் ஐந்து நிமிடப் படத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, மீதி வேண்டுமென்றால் பணம் கட்டு என்றது. கொடுத்த ஐந்து நிமிடத்திலும் எல்லார் மூஞ்சிக்கும் குறுக்கே கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டாவதை இறக்கியதும் கம்ப்யூட்டர் முழுக்க யார் யாரோ பொம்பளைகளின் விளம்பரம் வந்து நின்றது. செங்கமலம் அதைப் பார்த்து, "இதத்தான் நீ கடையில பாத்துக்கினு இருக்கறியா?" என்று கேட்டாள். மூன்றாவது உருப்படி. ஓசியிலேயே முழுசாக மாற்றும். ஆனால் இளவழகனின் மெஷின் அரதப் பழசு. ஒரு துண்டுக்கு ஆறு மணி நாற்பது நிமிடம் என்றது.

"ஒரு துண்டுன்னா?" என்றார் குஞ்சிதபாதம்.

"மொத்தம் மூணுப்பா. ஒவ்வொண்ணும் முப்பத்தி நாலு நிமிசம். மொத துண்டுல அவங்க வந்து எறங்கனது, காப்பி குடிச்சது. மூணாவது பந்தி. தட்டு மாத்தனது ரெண்டாவதுல இருக்குது. அது ஒண்ண மாத்தனா போதும்."

"தட்டு மாத்தற அந்த ஒரு பேச்ச மட்டும் வெட்டி எடுத்தா?"

"வெட்டணும்னா தொறக்கணும். தொறந்தா மெஷினு படுத்துக்குதே."

"அப்பறம் என்னா மயித்துக்குடா அந்தக் கேமராவுல எடுத்த?"

எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முப்பது சதவீதம் ஓடியிருக்கும். கரண்டு போகும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுமா என்றால் ஓடாது. மறுபடி சைபரிலிருந்து. யு.பி.எஸ். என்று ஒரு பெட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. கரண்டு போனதும் கீ கீ என்று கத்தும். கத்துவது மட்டும்தான் அதன் வேலை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தப் பச்சைக் கோடு முப்பதைத் தாண்டவில்லை. பண்ருட்டி ஸ்டூடியோவில் கேட்டதற்கு, முகூர்த்த வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பத்து நாள் ஆகும் என்றார்கள்.

குஞ்சிதபாதத்துக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட். காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை. மழை பிடித்துக்கொண்டதால் நிலக்கரி ஈரமாகி, கன்வேயர் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு பாதி வழியிலேயே கீழே கொட்டும். கொட்டினதை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். வாருகிற வேகத்துக்கு மேலே கொட்டும். முழங்கால் வரை கறுப்புச் சேறு. ஒவ்வொரு மண்வெட்டிக்கும் தனகோடியிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டு வாரினார். "இப்ப என்னா சொல்றீங்க சம்மந்தி?" என்பதை எப்படிக் கேட்பது, உட்கார்ந்து கேட்பதா, நின்று கேட்பதா என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "எவ்ளோ ஆச்சி?" என்பார். "இருபத்தெட்டு" என்பாள் வெண்மதி. அவர் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொள்வார்.

வியாழக்கிழமை மத்தியானம் செங்கமலம்தான் வழி சொன்னாள். கேழ்வரகு மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"எந்தங்கச்சி கண்ணகி வூட்டுக்குத் தூக்கிக்கினு போயேன்டா. சொரங்கத்து டவுன்ஷிப்ல கரண்டே போவாதே."

மூன்று நாளாக இது யாருக்கும் தோன்றவில்லை. இளவழகன் அம்மாவை முறைத்தான். "இத்த திங்கக்கெழமையே சொல்லறதுக்கு என்னா?"

"நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே. நான் சொல்லி நீ கேக்கப்போறியா?"

வெள்ளிக்கிழமை காலை டி.வி.எஸ். வண்டியில் இளவழகன் ஓட்ட, பின்னால் வெண்மதி கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழைத் தூற்றல். ஒவ்வொரு பள்ளத்திலும், "பாத்து, பாத்து" என்று அண்ணன் முதுகில் குத்தினாள். மானிட்டர் பழைய குண்டு மானிட்டர். வண்டியில் வைக்க முடியாது. செங்கமலம் அதை வேட்டியில் மூட்டையாகக் கட்டி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னாம்மா மூட்ட? டி.வி.யா?" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா, கம்பூட்டரு மூஞ்சி."

"கீழ வையி. ஆளு நிக்கணும்ல?"

"ஒடஞ்சா எம் பொண்ணு வாழ்க்க போச்சி. நீ வந்து நிப்பியா?" என்று அவள் கேட்ட கேள்வியில் கண்டக்டர் அதற்கு மேல் அந்தப் பக்கமே வரவில்லை.

கண்ணகியின் வீட்டுக்காரர் பரசுராமன் பர்மனென்ட். அனல்மின் நிலையத்தில் ஆபரேட்டர். இருபத்தொன்றாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எட்டரை மணிக்கு ஹாலில் மெஷினைப் பூட்டி ஓடவிட்டார்கள். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. பத்து மணி ஆயிற்று, பத்தேகால் ஆயிற்று. பழக்கத்தில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் நிற்கவில்லை.

"இது நிக்கவே நிக்காதாடி?" என்று ஃபேனைப் பார்த்துக் கேட்டாள் செங்கமலம்.

"எதுக்குக்கா நிக்கப்போவுது? நாம நிறுத்தனாதான்" என்றாள் கண்ணகி. அவள் பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனாலும் செங்கமலத்துக்கு என்னவோபோல் இருந்தது. நாலு கிலோமீட்டர்தான் தூரம்.

பன்னிரண்டு மணிக்கு ஐம்பது சதவீதத்தைத் தாண்டியதும் வெண்மதி முதல்முறையாகச் சிரித்தாள். கண்ணகி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். செங்கமலம் கொண்டுவந்த கேழ்வரகு அடையைத் தொட்டுக்கொண்டு எல்லாரும் தின்றார்கள். ஒன்றரைக்கு இளவழகன் வெளியே டீ குடிக்கப் போனான். வெண்மதியும் கண்ணகியும் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். செங்கமலம் மட்டும் மெஷினுக்குக் காவலாகத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. லைட்டைப் போட்டாள்.

டியூப்லைட் பளிச்சென்று எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. மினுக் மினுக்கென்று விட்டு விட்டு அடித்தது.

வடக்குத்தில் லைட் மினுக்கினால் அது சாதாரண விஷயமில்லை. கரண்டு ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். போன வருஷம் புயலுக்கப்புறம் கரண்டு வந்த அன்றைக்கு அப்படித்தான் மினுக்கியது. யாரும் பிளக்கைப் பிடுங்காததால் நாலு வீட்டு டி.வி. புகைந்தது. அதில் ஒன்று இவர்களுடையது. அதிலிருந்து லைட் மினுக்கினால், யார் எந்த வேலையில் இருந்தாலும் ஓடிப்போய் முதலில் பிளக்கைப் பிடுங்குவது என்பது தெருவுக்கே பழக்கமாகிவிட்டது.

"யம்மாடி, கரண்டு வந்து வந்து போவுது!" என்று கத்திக்கொண்டே செங்கமலம் எழுந்து ஓடி, கம்ப்யூட்டர் பிளக்கை இரண்டு கையாலும் பிடுங்கினாள்.

வெண்மதி ஈரக்கையோடு ஓடிவந்தாள். திரை கறுப்பாக இருந்தது.

"என்னம்மா பண்ண?"

"மெஷின காப்பாத்திட்டன்டி. நல்லவேள நான் இருந்தன்."

உள்ளறையிலிருந்து பரசுராமன் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். டியூப்லைட்டைப் பார்த்தார். பிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற செங்கமலத்தைப் பார்த்தார்.

"அண்ணி, அது ஸ்டார்ட்டர் பூடுச்சி. ரெண்டு நாளா மாத்தணும்னுகினு இருக்கறன். கரண்டு எங்கியும் போவல."

எழுபத்தொன்பது சதவீதம் ஓடியிருந்தது. வெண்மதி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீ குடித்துவிட்டு வந்த இளவழகன் விஷயம் தெரிந்ததும் ஆடினான். "ஒன்ன யாரு தொடச்சொன்னா? ஒன்ன யாரு தொடச்சொன்னா?" என்று அதையே பத்து தரம் கேட்டான். செங்கமலம் முதலில் பதில் சொன்னாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் அழுதாள்.

"எனக்கு எப்பிடிடா தெரியும்? ஒரு நாளாவது நின்னு எரியிற லைட்ட நான் பாத்திருக்கறனா? அங்க நம்ம ஊரச் சுத்தி நோண்டி நோண்டி எடுத்துக்கினு வந்து இங்க எரிக்கறாங்க. நாம வூட்ல இருட்டுல கெடக்கறம். லைட்டு மினுக்குனா கை தானா பிளக்குக்குப் போவுது. நான் என்னா பண்றது?"

கண்ணகி அக்காவைக் கட்டிக்கொண்டாள். பரசுராமன் நாற்காலியைப் போட்டு ஏறி டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி தொடங்கினால் முடிய ராத்திரி ஒன்பது ஆகும், ஆள் காவல் இல்லாமல் ஓடவிட இளவழகனுக்கு மனம் வரவில்லை. மெஷினை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். குஞ்சிதபாதம் கேட்டபோது யாரும் நிஜத்தைச் சொல்லவில்லை. "நாளைக்கி முடிஞ்சிடும்" என்றார்கள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மறுபடி சைபர். செங்கமலத்தை ஹாலுக்குள் விடவில்லை. அவளாகவே வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருந்து யார் வந்தாலும் முகத்தை மட்டும் பார்த்தாள். வெண்மதி மெஷினைவிட்டு நகரவில்லை. அவள் மடியில் ஆர்டர் காகிதம் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. ராமநாதபுரம் பஸ் ஞாயிறு காலையில் பிடித்தாக வேண்டும். இன்று சாயங்காலம் முத்தாண்டிக்குப்பம் போய்ப் படத்தைப் போட்டுக் காட்டி, தனகோடியைச் சரி என்று சொல்லவைத்து, ராத்திரிக்குள் துணிமணி எடுத்துவைத்து, காலையில் கிளம்ப வேண்டும். இவ்வளவும் அந்தப் பச்சைக் கோட்டில் இருந்தது.

இரண்டு நாற்பதுக்கு நூறு ஆயிற்று. இளவழகன் அதைப் பென் டிரைவில் ஏற்றினான். அதே நேரம் குஞ்சிதபாதம் ஷிப்ட் முடிந்து நேராக அங்கேயே வந்து சேர்ந்தார். காலெல்லாம் கறுப்புச் சேறு. "உள்ள வாங்க மாமா, பரவால்ல" என்று கண்ணகி சொன்னதற்கு அப்புறமும் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டுதான் வந்தார்.

"மொதல்ல நாம ஒரு தரம் பாத்துடுவோம்" என்றார். "அப்பறம் எடுத்துக்கினு போவலாம்."

கண்ணகி வீட்டு டி.வி.டி. பிளேயரில் பென் டிரைவைச் செருகினார்கள். படம் வந்தது. சத்தமும் வந்தது. செங்கமலம் வாசற்படியிலிருந்து எழுந்துவந்து, "அய், நம்ம வூடு" என்றாள். ஒரு வாரமாக இறுகியிருந்த எல்லார் முகமும் கொஞ்சம் இளகியது. பந்தலில் ஜனம் உட்கார்ந்திருந்தது. ஒரு குழந்தை அழுதது. பட்டுப்புடவையில் வெண்மதியைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யாரோ ஒரு கிழவர் இரு குடும்பத்தின் பெயரையும் படித்தார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். குஞ்சிதபாதம் டி.வி.க்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

தனகோடி தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். அந்தக் குரல் குவார்ட்டர்ஸ் ஹால் முழுக்கக் கேட்டது.

"இந்தா, எல்லாரும் கேட்டுக்கங்க. எம் மருமவ படிச்ச பொண்ணு. நாளைக்கி எந்த ஊருக்கு ஆர்டர் வந்தாலும் போவட்டும். நானே பஸ் ஏத்தி வுடறன்."

"பாத்தியா! பாத்தியா!" என்று குஞ்சிதபாதம் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். "எந்த ஊருக்குன்னாலும்ங்கறான் பாரு! இத்தப் போட்டுக் காட்டிட்டு நான் கேக்கறன்..."

படம் நிற்கவில்லை. திரையில் தனகோடிக்கு எதிரில் நின்ற குஞ்சிதபாதம், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, சிரித்துக்கொண்டே பேசினார்.

"அதெல்லாம் எதுக்குங்க சம்மந்தி. தூரந் தொலவெல்லாம் நாங்களே அனுப்ப மாட்டம். கல்யாணம் ஆவற வரைக்கும்தான் வேல கீலயெல்லாம். அப்பறம் உங்க வூட்டுப் பொண்ணு, உங்க இஷ்டம்."

"அப்பிடின்னா சரிங்க சம்மந்தி. உங்க வாக்குதான்" என்றார் திரையில் தனகோடி. தட்டு மாறியது. யாரோ கை தட்டினார்கள்.

பெண்ணைக் கொடுக்கிறவன் குனிந்துதான் பேச வேண்டும். மாப்பிள்ளை வீட்டான் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தால், ஐயோ அவ்வளவு வேண்டாம் என்று பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் மரியாதை. இங்கே எல்லாப் பெண்ணைப் பெற்றவனும் அப்படித்தான் பேசுகிறான். வாய் தானாகப் பேசிவிடும், பேசினது அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் ஞாபகத்தில் நிற்காது. குஞ்சிதபாதத்துக்கும் நிற்கவில்லை. எழுந்து நின்றவர் அப்படியே நின்றார்.

"திருப்பிப் போடு" என்றார்.

இளவழகன் திருப்பிப் போட்டான். மறுபடியும் அதேதான் வந்தது.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுடா. மரியாதைக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"ஏன்யா, அந்த மனுஷன் அதத்தான நல்லா ரோசன பண்ணிப் பாருன்னாரு? அவர ஊர் பூரா பொய்யன் பொய்யன்னு பேசினியே" என்றாள் செங்கமலம். "எங் கையி வெந்தது ஒனக்கு மரியாதையா பூடுச்சா?"

குஞ்சிதபாதம் மகனிடம் திரும்பினார். "எளவழகா, அந்த எடத்த மட்டும் வெட்டிட முடியாதா? அவரு பேசறதோட நிறுத்தற மாதிரி?"

"முடியும்பா. இப்பதான் தொறக்குதே. ஆனா வெட்டி மறுபடியும் எழுதணும். ரெண்டு மணி நேரம் ஆவும்."

"ஆவட்டும். வெட்டு."

"வேணாம்" என்றாள் வெண்மதி.

இத்தனை நேரம் அவள் தரையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனிடமிருந்து ரிமோட்டை வாங்கினாள். படத்தை முதலிலிருந்து வேகமாக ஓட்டினாள். அவள் வருகிற இடம், உட்காருகிற இடம், பூ வைக்கிற இடம், தட்டு மாற்றும்போது பின்னால் குனிந்து நிற்கிற இடம். ஒவ்வொன்றிலும் நிறுத்தினாள்.

"இதுல எங்கியாச்சும் எம் வாய் தொறக்குதா பாருப்பா. முப்பத்தி நாலு நிமிசம் ஓடுது. அவரு பேசறாரு, நீ பேசற, அந்தத் தாத்தா பேசறாரு. கைக்கொழந்தகூட கத்துது. நான் ஒரு வார்த்த பேசல. என்னா வேணும்னு ஒரு ஆளு என்னக் கேக்கல."

"நிச்சயத்துல பொண்ணு பேசற வழக்கம் ஏதும்மா?"

"இல்ல. அதான் ரெண்டு பேரும் எவ்ளோ பெரிய மனசா என்னக் குடுத்து வாங்கிக்கிட்டீங்க."

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அது சோகம் இல்லை, கடும் கோபம். இத்தனை நாள் அந்தப் பச்சைக் கோட்டுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதற்கா என்கிற கோபம். அதிலும் தன் மேல்தான் அதிகக் கோபம். அவள் எழுந்து அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். பொத்தான்களின் இடுக்கில் கறுப்புத் தூள் அப்பியிருந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு நம்பரை அமுக்கினாள்.

தனகோடியின் குரல் போனை விட்டு வெளியே கேட்டது. "சொல்லுங்க சம்மந்தி. சாயந்தரம் வரீங்களாமே, எளவழகன் சொன்னான். கரண்டு அஞ்சிக்குத்தான் வரும், பாத்துக்கினு வாங்க."

"சம்மந்தி இல்லீங்க மாமா. வெண்மதி பேசறன்."

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லும்மா."

"படம் ஓடிடுச்சிங்க மாமா. நீங்க பொய் சொல்லல. அதுல நீங்க சொன்னதும் இருக்குது, எங்கப்பா சொன்னதும் இருக்குது. எங்கப்பா உங்கள தப்பாப் பேசனதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறன். ஆனா ரெண்டும் நான் சொன்னது இல்லீங்க. நான் நாளைக்கி காலைல கமுதிக்கு பஸ் ஏறப்போறன். திங்கக்கெழம வேலைல சேரணும். தையில கல்யாணம் வச்சா லீவு போட்டுக்கினு வருவன். வேற மாதிரி ரோசன பண்றதுன்னா, அதயும் இப்பவே சொல்லிடுங்க. நான் அழுவ மாட்டன்."

போனில் எங்கோ ஒரு ஆடு கத்தியது கேட்டது. அப்புறம் தனகோடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டிராத குரலில் சொன்னார்.

"ஒங்கப்பாகிட்ட போனக் குடும்மா."

குஞ்சிதபாதம் கையை நீட்டினார். வெண்மதி கொடுக்கவில்லை.

"அவரு சொல்லவேண்டியத ஏற்கெனவே சொல்லிட்டாருங்க மாமா" என்றாள். "எங்கிட்டயே சொல்லுங்க."

நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் குஞ்சிதபாதம் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு டி.வி. முன்னால் போய், நின்றுபோன படத்தில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்த தன்னைப் பார்க்கப் பிடிக்காமல், சுவிட்சை அணைத்தார்.